என் மனைவியின் கவுண்டி

காலை ஆறரை மணிக்கு என் மனைவியின் போனில் ஒரு மணிச்சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் முந்தின நாள் சாயங்காலம் முடிந்திருக்கும். அங்கே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சாப்பாட்டை முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவளுக்கு எழுதியிருப்பார். இங்கே கண்டியில், மஹய்யாவையில், அவள் தேங்காய் துருவுவதைப் பாதியில் நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுப்பாள். வாசித்துச் சிரிப்பாள். நான் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சம்பலுக்காகக் காத்திருப்பேன்.

"இன்னைக்கு என்னவாம்?" என்று கேட்பேன்.

"கொக்கெல்லாம் வந்திருச்சாம். ஆத்துல கால் வைக்க எடமில்லாம நிக்குதாம். ஒவ்வொரு வருசமும் இந்த மாசம் வருமாம்ங்க."

எந்த ஆறு என்று நான் கேட்க வேண்டியதில்லை. மகாவலியைப் பற்றி இத்தனை சந்தோஷமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

நாட்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான் இது தொடங்கியது. கண்டி நகரத்தில், ஒரு பாமசி மருந்துக்கடையின் மேல் மாடியில் இருக்கும் நில அளவையாளர் அலுவலகத்தில் நான் படவரைஞன். காணி வாங்குவோரும் விற்போரும் இல்லாமல் போகவே எங்கள் அலுவலகம் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே திறந்தது. மகள் அப்போதுதான் கொழும்பில் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் என் மனைவி இணையத்தில் வேலை தேடினாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருடம் ஒரு தோட்டக் கம்பனியின் கண்டி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள் அவள். வெள்ளைக்காரத் துரைமார் எழுதிவைத்த பழைய பேரேடுகளை வாசித்து வாசித்து, வளைந்து நெளிந்து ஓடும் அந்தக் கால இங்கிலீஷ் கையெழுத்து அவளுக்குப் பாண் வெட்டுவதைப்போல் சுலபமாகியிருந்தது. அமெரிக்காவில் இப்போது படித்துவரும் பிள்ளைகளுக்கே அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரியாதாம். பழைய பதிவேடுகளின் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்ய ஆள் தேடிய ஒரு இடத்தில் அவளுக்குப் பரீட்சை வைத்தார்கள். தேறினாள். நெப்ராஸ்காவில் ஒரு கவுண்டி அவள் கைக்கு வந்தது.

கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டத்தைப் போல ஒரு பிரிவு. ஆனால் சனம் குறைவு. பெரஹரா ஊர்வல நாளில் கண்டி வாவிக் கரையில் நிற்கிற கூட்டத்தை அந்தக் கவுண்டியில் கொண்டுபோய் விட்டால் அவர்களுக்குச் சாப்பாடு போடவே ஆள் இருக்காது என்று அவள் சொல்வாள். மக்காச்சோளம், சோயா, மாடு, தானியம் சேமிக்கும் உயரமான கோபுரங்கள், ஒரு நீதிமன்றக் கட்டடம். அந்தக் கட்டடத்தின் நிலவறையில் ஈரத்தில் கிடந்த பதிவேடுகளைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தவர்தான் அந்தத் தபால்காரர். எழுபது தாண்டியவர், மனைவியை இழந்தவர். கவுண்டியின் சின்ன அருங்காட்சியகத்தைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்பவர். முப்பது வருடம் கிறவல் ரோடுகளில் தபால் வண்டி ஓட்டியதால் எந்தப் பண்ணையில் நாய் கடிக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அவள் சொல்வதைத் தொழில்காரன் காதோடு கேட்டேன். எங்கள் பக்கத்துக் காணி உறுதிப் பத்திரத்தில் வடக்கு எல்லை ஒரு கித்துல் மரமும் ஒரு கல்லும் என்று எழுதியிருக்கும். கித்துல் மரம் விழுந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். கல்லை யாராவது படிக்கட்டுக்குப் போட்டிருப்பார்கள். ஆறு பேர்ச்சஸ் துண்டு நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்கு நடப்பார்கள். அவளுடைய கவுண்டியில் அப்படி எதுவும் இல்லை. சனம் வந்து குடியேறுவதற்கு முன்பே அரசாங்கம் ஆள் அனுப்பி நிலம் முழுவதையும் மைலுக்கு மைல் சதுரமாக வெட்டிப் போட்டிருந்தது. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு நம்பர். சதுரத்தின் ஓரமெல்லாம் ரோடு. அவள் திரையில் காட்டிய வரைபடம் எங்கள் அலுவலகத்துக் கட்டம் போட்ட தாள் மாதிரியே இருந்தது.

"மலையே இல்லாத ஊர அளக்கிறது ஒரு வேலையா?" என்றேன்.

"ஒங்களுக்குப் பொறாமை," என்று சிரித்தாள். அப்போது அது பொய்.

பிறகு அது உண்மையானது. எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை. அவள் அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து முன்னறைச் சுவரில், அலுமாரிக்குப் பக்கத்தில் ஒட்டிய நாளாக இருக்கலாம். நான் இருபத்தைந்து வருடமாக வரைபடம் வரைபவன். என் கையால் வரைந்த ஒன்று அந்தச் சுவரில் ஏறியதில்லை.

ஒருநாள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே அவள் சொன்னாள்: "நம்ம கவுண்டியில ஒரு ஊரே நகர்ந்து போயிருக்குங்க."

நம்ம. அந்தச் சொல் என் தட்டில் ஒரு கல்லைப்போல விழுந்தது. அவள் அதைக் கவனிக்காமல் கதையைச் சொன்னாள். முதலில் வந்தவர்கள் ஓர் ஓடைக்கரையில் குடியேறினார்கள். மரம் இல்லாத நாடு என்பதால் புல்லோடு மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் மரவீடும் கடையும் ஒரு தேவாலயமும் வந்தன. அப்புறம் ரெயில் வந்தது. ஆனால் ஊருக்குத் தெற்கே மூன்று மைல் தள்ளித் தண்டவாளம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் வீடுகளுக்கு அடியில் மரத்தடிகளை உருளையாகப் போட்டு, குதிரைகளைப் பூட்டி, வீடு வீடாக ரெயில் பாதைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தேவாலயத்தையும் இழுத்தார்கள். கல்லறைகளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

"மரச் சிலுவைதான் நட்டிருந்தாங்களாம். அதெல்லாம் உக்கிப் போச்சு. இப்ப எந்த எடம்னு யாருக்குமே தெரியல. அவரோட பாட்டியோட அண்ணனும் அக்காவும் சின்னப் புள்ளைங்களா அங்கதான் கெடக்கிறாங்க. தொண்டை அடைக்கிற காய்ச்சல்ல ஒரே வாரத்துல போயிட்டாங்களாம்."

அவள் கண் கலங்கியிருந்தது. நான் பருப்பைப் பிசைந்தேன்.

"அந்த நெலத்துல அதுக்கு முன்னாடி இருந்தவங்க யாரு? அவங்க பேரு ஒன் புத்தகத்துல இருக்கா?" என்று கேட்டேன். குத்துவதற்காகவே கேட்டேன்.

"ஒரே ஒரு வரி இருக்கு. பூர்வகுடி ஆளுங்களத் தெற்க அனுப்பிட்டதா. நானும் அவருகிட்ட கேட்டேன். வெக்கமாத்தான் இருக்குன்னு எழுதுனாரு. அருங்காட்சியகத்துல அவங்களப் பத்தி ஒரு பலகை வைக்கணும்னு மூணு வருசமா சண்ட போடுறாராம்."

நான் நினைத்த கேள்வியை அவள் முன்பே நினைத்து, அவரிடம் கேட்டு, அவரும் நல்லவிதமாகப் பதில் சொல்லிவிட்டிருந்தார். அந்த மனிதரில் ஒரு குறையாவது இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இதில் அவரை மட்டும் நான் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கவுண்டியே என்னை எரித்தது. அங்கே ஒரு பசு தொலைந்தால் எழுதிவைத்தார்கள். யார் யார் எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தச் சதுரத்தில் எந்த மூலையை எடுத்தார்கள், எந்தக் குழந்தை எந்தக் காய்ச்சலில் செத்தது என்று எழுதிவைத்தார்கள். என் பூட்டன் எங்கிருந்து வந்தார் என்று அப்பாவைக் கேட்டால் "திருச்சிப் பக்கம்" என்பார். திருச்சிக்குப் பக்கம் எத்தனையோ இருக்கின்றன. அப்பாவுக்கும் அதற்குமேல் தெரியாது. அவர் மாநகரசபையில் வேலை பார்த்து, மஹய்யாவையிலேயே பிறந்து மஹய்யாவையிலேயே அடங்கியவர். இந்த மலையில் எத்தனையோ பேரின் காணியை நான் மில்லிமீற்றர் சுத்தமாக வரைந்திருக்கிறேன். என் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் என்னிடம் இல்லை. என் மனைவியோ பகலெல்லாம் கண் வலிக்க வலிக்க ஊர்பேர் தெரியாதவர்களின் பூட்டன்மாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் அப்பாவின் திதி வந்தது. ஒவ்வொரு வருடமும் அவள்தான் முதல் நாளே ஞாபகப்படுத்துவாள். வாழைக்காய் வாங்கிவரச் சொல்வாள். அந்த வருடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை. திதி அன்று காலையில் வழக்கம்போல மணிச்சத்தம் கேட்டது. வழக்கம்போல வாசித்தாள். அன்றைக்குள் முடித்து அனுப்ப வேண்டிய ஒரு பதிவேடு இருக்கிறது என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வேலைக்குப் போய், சாயங்காலம் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"இன்னைக்கு என்ன நாளு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "ஐயோ... மாமாவோட..."

"அங்க செத்தவங்க எல்லாரோட தேதியும் ஒனக்கு மனப்பாடம். பாட்டியோட அண்ணன், அக்கா, எல்லாம் தெரியும். எங்கப்பா மட்டும் தெரியல."

"நீங்க ஏன் காலையில சொல்லல?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அந்தத் தபால்காரரு சொல்லியிருந்தா ஞாபகம் வந்திருக்கும்."

கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் குளித்து, அந்த நேரத்திலும் சமைத்து, அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டாள். என்னிடம் மன்னிப்பும் கேட்டாள். நான் மன்னித்ததாகச் சொன்னேன். மன்னிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"இங்க பாருங்க. கெடச்சிருச்சு."

அந்தக் கவுண்டியில் ஒருகாலத்தில் இரண்டு ஊர்கள் நீதிமன்றம் தங்களுக்குத்தான் வேண்டும் என்று அடித்துக்கொண்டனவாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓர் ஊர்க்காரர்கள் எல்லாரும் தேவாலயத்தில் இருந்தபோது, மற்ற ஊர்க்காரர்கள் மாட்டுவண்டியோடு வந்து பதிவேடுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஓடையைக் கடக்கும்போது ஒரு பெட்டி தண்ணீரில் விழுந்துவிட்டது. அந்தப் பெட்டியில் நனைந்த ஏடு ஒன்றின் படங்கள்தான் அப்போது அவள் கையில் இருந்தன. அதில் ஓர் அளவையாளன் ரோடு போடுவதற்காக எடுத்த குறிப்புகள். ஒரு வரியில், இன்ன சதுரத்தின் இன்ன எல்லைக் கல்லிலிருந்து, தெற்கிலிருந்து நாற்பது பாகை சாய்ந்து, பன்னிரண்டு செயினும் முப்பது லிங்கும் போனால் புதைகுழி நிலம் என்று எழுதியிருந்தது. செயின் என்பது அளவையாளர் பிடிக்கும் பழைய சங்கிலி, அறுபத்தாறு அடி; லிங்க் அதில் நூறில் ஒரு பங்கு. எங்கள் அலுவலகத்துப் பழைய பிளான்களிலும் அதே கணக்குத்தான்.

"எந்தப் பக்கம் சாயுதுன்னுதான் தெரியல. எழுத்து கரைஞ்சிருச்சு. டபிள்யூவா, ஈயா? மேற்கா, கெழக்கா? நீங்க பாத்தா தெரியும்ங்க."

வாங்கிப் பார்த்தேன். எழுத்து உண்மையிலேயே கரைந்துதான் இருந்தது. ஆனால் காகிதத்தைப் புரட்டினால், பின்புறம் அச்சாகியிருந்த அடுத்த பக்கத்தின் முதல் வரி நன்றாகத் தெரிந்தது. ஒன்பதாவது செயினில் ஓடையைக் கடந்ததாக அந்த மனிதன் எழுதியிருந்தான். சுவரில் இருந்த வரைபடத்தை நான் எத்தனை நாள் முறைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லுக்கு மேற்கேதான் ஓடை இருந்தது. கிழக்கே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அரை நிமிடத்தில் எனக்கு விடை தெரிந்துவிட்டது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தப் பார்வை. ஆனால் அது எனக்கான பார்வை அல்ல, நான் சொல்லப்போகும் விடையை அவருக்கு அனுப்பும் சந்தோஷம் என்று தோன்றியது.

"ஈ," என்றேன். "கெழக்கு."

"நல்லாப் பாத்தீங்களா?"

"எத்தன வருசமா இதே வேலை செய்யிறேன்?"

அவள் உடனே போய் எழுதினாள். அடுத்த காலை அவர் அனுப்பிய பதிலை எனக்கு வாசித்துக் காட்டினாள். உன் கணவருக்கு என் நன்றியைச் சொல், பனி உருகட்டும், போய்ப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு இறங்கினேன். அவர் அங்கே தேடுவார், ஒன்றும் கிடைக்காது, சலித்துப் போவார், அவளுக்கும் சலித்துப் போகும். நான் நினைத்ததெல்லாம் அவ்வளவுதான். அதைவிடக் கெட்டதாக எதையும் நினைக்கவில்லை என்பதை இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மணிச்சத்தம் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் எழுதினாள். அப்பா ஓர் இரும்புக் கம்பியும் அடையாளக் கொடிகளும் எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கத்து வயலுக்குப் போயிருக்கிறார். பனி உருகின சேறு. வடிகாலுக்குள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குளிர் தண்ணீரில் கிடந்திருக்கிறார். அந்த வழியாக லொறியில் போன பண்ணைக்காரர் ஒருவர் கொடிகளைப் பார்த்து இறங்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

என் மனைவி அழுதாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். அந்தக் கை எனக்கே பாரமாக இருந்தது. அந்த வாரம் கம்பளையில் ஆற்றோரக் காணி ஒன்றை அளக்கப் போன இடத்தில் கல் நம்பரைத் தப்பாகக் குறித்து, இருபத்தைந்து வருடத்தில் முதன்முறையாக எங்கள் அலுவலகத்து அளவையாளர் சேரிடம் ஏச்சு வாங்கினேன்.

அவரிடமிருந்து ஒன்றும் வராவிட்டாலும் அவள் வேலையை நிறுத்தவில்லை. நனைந்த ஏட்டின் அடுத்த பக்கத்துக்கு வந்தாள். நான் ஒரு சாயங்காலம் படியேறி வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சுவரில் இருந்த வரைபடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு விரல் எல்லைக் கல்லின் மேல், இன்னொரு விரல் ஓடையின் மேல்.

"ஒன்பதாவது செயின்ல ஓடையக் கடந்தேன்னு எழுதியிருக்கான்," என்றாள், திரும்பாமலே. "ஓடை மேற்கதானே இருக்கு?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"அன்னைக்கு நான் குடுத்ததுல இந்தப் பக்கமும் இருந்துச்சு. நீங்க பொரட்டிப் பாத்தீங்க. நான் பாத்தேன்."

"ம்."

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணாடி சரியில்லை, வெளிச்சம் குறைவு, என்னென்னவோ சொல்லியிருக்கலாம். அவள் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். எனக்கு அது தெரிந்தது. அதனாலேயே பொய் வரவில்லை.

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

"ஏன்?"

"நீ என்கிட்ட இப்படிப் பேசி எத்தன நாளாச்சு? காலையில எந்திரிச்சா அவரு. சாப்பாட்டுல அந்த ஊரு. நம்ம கவுண்டின்னு சொல்ற. எனக்கு எரிஞ்சுச்சு. அவ்வளவுதான்."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். மெதுவாகத்தான் சொன்னாள்:

"நான் பேசும்போதெல்லாம் நீங்க பேப்பர்தான் பாப்பீங்க. இருபத்தி ரெண்டு வருசமா. அவரு கேட்டாரு, நான் சொன்னேன். ஒங்கப்பாவப் பத்திக்கூட அவருகிட்டதான் சொல்லியிருக்கேன். திதிய மறந்து அழுததையும் அவருகிட்டதான் சொன்னேன். ஒங்ககிட்ட எங்க அழ முடியும்?"

மறுநாள் காலை அவள் கம்பளையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகுமுன் ஒன்று மட்டும் சொன்னாள்: "அவருக்கு எழுதிட்டேன். எழுத்த நான்தான் தப்பா வாசிச்சேன்னு எழுதியிருக்கேன். என் புருசன் பொய் சொன்னாருன்னு எழுத எனக்குக் கை வரல."

அவள் என்னைக் காப்பாற்றியிருந்தாள். அதுவும் என்னைச் சுட்டது. அவர் அவளை மன்னிப்பார், அந்த மன்னிப்பில் இருவரும் இன்னும் நெருங்குவார்கள் என்று அந்த நிலையிலும் என் மனம் கணக்குப் போட்டது. வெட்கத்தைவிடப் பொறாமைக்குத்தான் என்னிடம் ஆயுசு அதிகம்.

வீட்டில் தனியாக மூன்று நாள். மூன்றாம் நாள் அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போனபின், ஒரு தாளை விரித்துப் பிளான் வரைந்தேன். எல்லைக் கல், தெற்கிலிருந்து மேற்காக நாற்பது பாகை, ஒன்பதாவது செயினில் ஓடை, பன்னிரண்டு செயின் முப்பது லிங்கில் ஒரு சிறிய சதுரம். எண்ணூறு அடிக்குக் கொஞ்சம் மேலே. வடக்கைக் காட்டும் அம்பையும் அளவுகோலையும் மையில் போட்டேன். சம்பளத்துக்கு வரையும் பிளானில்கூட நான் அவ்வளவு கவனமாகக் கோடு இழுத்ததில்லை. பிறகு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். எழுத்து மேற்கு என்று எனக்குத் தெரியும், கிழக்கு என்று சொன்னது நான், என் மனைவி உங்களுக்கு எழுதியது உண்மையல்ல, உங்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது, உங்கள் கை முறிந்தது என்னால். ஐந்து வரிதான். அனுப்பிவிட்டு, பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அவள் திரும்பி வந்தாள். நான் எழுதியதைக் காட்டினேன். வாசித்தாள். "இங்கிலீசுல ரெண்டு பிழை இருக்கு," என்றாள். சமையலறைக்குள் போய் அரிசியைக் களைந்தாள். அன்றைக்கு நான் பேப்பரை எடுக்கவில்லை. சமையலறை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டு விஷயங்களைக் கேட்டேன். முதலில் ஒரு சொல், இரண்டு சொல் என்று பதில் வந்தது. சோறு கொதிப்பதற்குள் அக்காவின் மருமகளைப் பற்றிக் கோபமாகவே பேசத் தொடங்கிவிட்டாள்.

பத்து நாளுக்கு மேல் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. என் பேருக்கு வந்தது. ஒற்றைக் கையால் தட்டியதாம். பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதமே இல்லை. இரண்டு நாள் கோபமாக இருந்தேன், என் மகளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று எழுதியிருந்தார். அடுத்த வரியிலேயே ஒரு கேள்வி: உங்கள் பிளானில் ஒன்பதாவது செயினில் ஓடை என்று போட்டிருக்கிறீர்கள், அது தண்ணீரின் விளிம்பா, மேட்டின் விளிம்பா? இந்த நூற்றைம்பது வருடத்தில் ஓடை இடம் மாறியிருக்குமே, என்ன செய்வது?

அது நல்ல கேள்வி. மகாவலிக் கரையில் நாங்கள் எத்தனை தடவை தலையை உடைத்துக்கொண்ட கேள்வி. ஓடையை நம்பவேண்டாம், கல்லிலிருந்து அளக்கச் சொல்லுங்கள், சரிவில் சங்கிலியைத் தரையோடு பிடிக்காமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினேன். முன்பு விட்ட இரண்டு பிழையும் மறுபடி வராமல் அவள் பார்த்துத் திருத்தினாள்.

மே மாதம் முடியும் தறுவாயில் ஒரு காலை, வீடியோ அழைப்பு வந்தது. அங்கே மாலை வெயில். யாரோ போனைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்; பிறகுதான் அது அவருடைய மகள் என்று தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவள் தலையை மட்டும் அசைத்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் உழ முடியாத மேடு. மாடு மேய்கிற புல். லொறியில் போகும்போது அவரைக் கண்டுபிடித்த அதே பண்ணைக்காரரின் நிலம்தான். புல்லுக்குள் ஊதா நிறத்தில் பூச்செடிகள் ஒரு வரிசையாகப் பூத்திருந்தன. அந்தச் செடி யாராவது நட்டால்தான் வளருமாம், தானாக வராதாம். வரிசைக்குக் கீழே தரை அங்கங்கே சற்றுப் பள்ளம் விழுந்திருந்தது. அவற்றில் இரண்டு, மற்றவற்றைவிட நீளம் குறைந்தவை.

தபால்காரரை நான் முதன்முதலாகப் பார்த்தேன். உயரமாக, கம்பீரமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். காது பெருத்த, கூன் விழுந்த சின்ன மனிதர். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த இரண்டு பள்ளங்களின் பக்கத்தில் நின்றார். என் மனைவி இங்கே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். நானும் கண்ணைத் துடைத்தேன். துடைத்த கையோடு, அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பழைய எரிச்சல் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கிறிஸ்மஸுக்கு முன்னால் அங்கே ஒரு பெயர்ப்பலகை நட்டார்கள். பிள்ளைகளின் பெயர்கள், தெரிந்த மற்றவர்களின் பெயர்கள், கீழே இந்த இடத்தைக் கண்டுபிடிக்க உதவியவர் என்று என் மனைவியின் பெயர். என் பெயரையும் போட வேண்டும் என்று அவர் எழுதிக் கேட்டிருந்தார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சொன்னது சரிதான். ஆனால் படம் வந்த அன்று அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையே இல்லாத அந்த நிலத்தில், அத்தனை பெரிய வானத்தின் கீழே, மஹய்யாவைக்காரி ஒருத்தியின் பெயர். என் பெயர் இல்லை.

அவள் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. ஒரு நிமிடம் அதை அனுபவித்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இருக்கட்டும்ங்க," என்றாள். "பாவம், நட்டுட்டாங்க. மறுபடியும் எதுக்குப் பிடுங்கணும்?"

அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் போனை எடுத்துக்கொண்டு வெளிப்படியில் போய் உட்கார்ந்து, பெயரைச் சரியான எழுத்தில் எழுதி, பலகையை மாற்றித் தரமுடியுமா என்று தபால்காரரைக் கேட்டேன்.